பழைய கணினியில் கேம் தடுமாறாமல் ஓட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், 4 அல்லது 8 ஜிபி ரேம், ஏழெட்டு வருடம் ஆன ப்ராசசர். இல்லாவிட்டால் 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய கார்டு. இப்படிப்பட்ட கணினிகளில்தான் நான் பல வருடமாக விளையாடுகிறேன். நண்பர்களின் கணினிகளையும் திறந்து பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூலையில் எஃப்பிஎஸ் 50 என்று காட்டுகிறது. ஆனாலும் கேம் வெட்டி வெட்டி ஓடுகிறதே, ஏன்?

எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வரையப்படுகிறது என்ற எண். அது ஒரு நொடியின் சராசரி. கண் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒரு ஃப்ரேம் வந்து அடுத்தது வருவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது என்பதைத்தான் உணர்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி. 30 என்றால் 33.3 மில்லிநொடி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நொடியில் 49 ஃப்ரேம்கள் தலா 16 மில்லிநொடியில் வந்துவிடுகின்றன. மிச்சமுள்ள ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. கூட்டினால் 984 மில்லிநொடி, ஏறக்குறைய ஒரு நொடி. மூலையில் 50 என்றே காட்டும். ஆனால் எதிராளி கதவைத் தாண்டி உள்ளே வந்த சமயத்தில் உங்கள் திரை ஐந்தில் ஒரு பங்கு நொடி உறைந்து நின்றிருக்கும்.

அதனால் எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் துரத்தாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளோடு வரும் ரிவாட்யூனரில் ஃப்ரேம் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் வசதி உண்டு. அந்தக் கோடு தட்டையாக ஓடினால் 35 எஃப்பிஎஸ்ஸில்கூட நிம்மதியாக விளையாடலாம். முள் முள்ளாக எகிறினால் 70 வந்தாலும் எரிச்சல்தான். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கோட்டைத் தட்டையாக்கும் வேலைகள்.

எங்கிருந்து தொடங்குவது? எது இழுத்துப் பிடிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கேமை ஓடவிட்டு, தடுமாறும் இடத்துக்குப் போய், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் நான்கைக் கவனியுங்கள்: சிபியு (ப்ராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க், ஜிபியு (கிராஃபிக்ஸ்).

ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தால் கிராஃபிக்ஸ்தான் முட்டுக்கட்டை. மெமரி 90 சதவீதம் தாண்டியிருந்து, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தித் தவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சிபியு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுக்க மூச்சு முட்டினாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். பழைய கேம்கள் பலவும் முக்கிய வேலையை ஒன்றிரண்டு த்ரெட்டிலேயே செய்கின்றன. எனவே சிபியு 35 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து அது சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வரைபடத்தின் மேல் மவுஸை வைத்து, அதன் வலது பொத்தானை அழுத்தி, லாஜிக்கல் ப்ராசசர்களைத் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொண்டு பாருங்கள்.

எந்த மென்பொருளும் இல்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ரெசல்யூஷனை இருப்பதிலேயே குறைந்த அளவுக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கிராஃபிக்ஸ்தான் தடை. அசையவே இல்லை என்றால் ப்ராசசரோ ரேமோ தடை. அப்போது ரெசல்யூஷனைக் குறைத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் படுத்துவிடுகிறது. வைரஸா?

வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் சூடுதான்.

ப்ராசசருக்கு ஒரு வெப்ப எல்லை இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப் சிப்களுக்கு 95 முதல் 105 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிஷம் முழு வேகம், பிறகு தொடர்ந்து தடுமாற்றம் என்றால் அது இந்தக் கோளாறின் கையெழுத்து. ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பநிலையையும் கிகாஹெர்ட்ஸ் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் எல்லையைத் தொடும்போதெல்லாம் வேகம் சரிந்தால் சந்தேகமே இல்லை.

என் பழைய லேப்டாப்பின் அடிமூடியை முதன்முதலாகக் கழற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. விசிறியைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. விசிறியை எடுத்த பிறகுதான் தெரிந்தது: அதற்கும் காற்று வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்து ஒரு திரையாகவே நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் முழுசாக ஒரே துண்டாக வந்தது. நான்கு வருடமாக அந்த விசிறி ஒரு சுவரின் மேல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சிப்பின் சூட்டைக் கடத்தும், காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். எந்த செட்டிங்கையும் தொடவில்லை. அரை மணி நேரம் விளையாடிய பிறகும் வேகம் சரியவில்லை.

செய்யும்போது சில விஷயங்கள் முக்கியம். சார்ஜரைப் பிடுங்கி, கணினியை முழுக்க அணைத்து, முடிந்தால் உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். காற்று அடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் கெடும். வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போய் அடைத்துக்கொள்ளவும் செய்யும். திருகைத் தொடப் பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

கழற்ற வழியே இல்லை என்றால் பின்பக்கத்தை ஓரிரு அங்குலம் உயர்த்தி வையுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்து விளையாடவே வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் காற்று உள்ளே போகும் துளை அடியில்தான் இருக்கிறது.

விண்டோஸ் பவர் செட்டிங்கில் 99 சதவீதம் என்று வைக்கச் சொல்கிறார்களே, அது வேலை செய்யுமா?

பல கணினிகளில் செய்யும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ப்ராசசரின் உச்ச நிலை 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ வேகம், அதாவது தேவைப்படும்போது ப்ராசசர் தானே ஏற்றிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும். வேகம் குறைந்தால் எப்படி கேம் நன்றாக ஓடும் என்று தோன்றும். ஒல்லியான லேப்டாப்களில் ப்ராசசரும் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் ஒரே சிப்பில் உட்கார்ந்து, 15 வாட் மாதிரி ஒரு சின்ன மின்சார ஒதுக்கீட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ப்ராசசர் டர்போவில் அதிகம் தின்றால் கிராஃபிக்ஸுக்குப் பட்டினி. அதன் வாயைக் கொஞ்சம் கட்டினால் மிச்சம் கிராஃபிக்ஸுக்குப் போகும், சூடும் குறையும்.

ப்ராசசரே தடையாக இருக்கும் கேமில் இதைச் செய்தால் நஷ்டம்தான். முன்னே சொன்ன ரெசல்யூஷன் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

8 ஜிபி ரேம் இருக்கிறது. இது போதாதா?

எத்தனை ஜிபி என்பதோடு எத்தனை துண்டு என்பதையும் கேட்க வேண்டும். இதை யாருமே கேட்பதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

தனி கார்டில் அதற்கென்றே வேகமான நினைவகம் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 போன்ற எளிய கார்டுக்கே நொடிக்கு 112 ஜிபி தரவு ஓடும் பாதை உண்டு. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அப்படிச் சொந்தமாக எதுவும் கிடையாது. ப்ராசசர் குடிக்கும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் குடிக்க வேண்டும். டிடிஆர்4 2400 வகை ரேம் ஒரு துண்டு என்றால் அந்தப் பாதை நொடிக்கு 19.2 ஜிபி. இரண்டு துண்டு போட்டு டூயல் சேனலில் ஓடினால் 38.4. அதாவது இரண்டு மடங்கு.

எனவே 8 ஜிபி ஒற்றைத் துண்டைவிட 4 ஜிபி இரண்டு துண்டு, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாக ஓடும். கிராஃபிக்ஸ் தடையாக இருக்கும் கேம்களில் இதைப்போல ஒரே அடியில் பலன் தரும் மாற்றம் வேறு எதுவும் நான் பார்த்ததில்லை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் இன்னொன்று வாங்குவதுதான் உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். இருப்பதன் வகையும் (டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4), அளவும், வேகமும் பொருந்துமாறு பார்த்து வாங்குங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அங்கே ஸ்லாட் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேசைக் கணினியில் நான்கு ஸ்லாட் இருந்தால் இரண்டு துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் செருகக் கூடாது. மதர்போர்டு கையேட்டில் சொல்லியிருக்கும் ஜோடியில் செருகினால்தான் டூயல் சேனல் கிடைக்கும்; பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்று.

பயாஸில் கிராஃபிக்ஸுக்கு நினைவகத்தைக் கூட்டி வைக்கலாமா?

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம். அங்கே 512 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று தேர்வுகள் இருக்கும். மொத்தமே 4 ஜிபி என்றால் கைவைக்காதீர்கள்; அங்கே கொடுத்தது இங்கே குறையும். 8 ஜிபியில் 1 ஜிபி ஒதுக்கிப் பார்க்கலாம். இதனால் எஃப்பிஎஸ் தானாக ஏறாது. கிராஃபிக்ஸ் நினைவகம் போதாது என்று சொல்லித் திறக்கவே மறுக்கும் கேம்கள் திறக்கும், அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் கூடுமா?

சராசரி கூடாது. தடுமாற்றம் குறையும். முதல் பதிலில் சொன்ன 16.7 மில்லிநொடியை நினைவில் வையுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க், அதிலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் லேப்டாப் டிஸ்க், ஒரு சின்னக் கோப்பைத் தேடி எடுக்கவே 10 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். திறந்த உலக கேமில் வண்டியில் வேகமாகப் போகும்போது கேம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை வரிசையாகக் கேட்கும். அப்போதுதான் சாலை பாதி வரைந்த நிலையில் நிற்கிறது, கட்டடங்கள் மெழுகு மாதிரி தெரிகின்றன. எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் நேரம் இல்லாததற்குச் சமம்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் (கோப்புத் துண்டுகளை வரிசைப்படுத்தும் வேலை) செய்யாதீர்கள். விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் காலி இடம் விட்டு வையுங்கள்.

கேம் செட்டிங்ஸில் எதை முதலில் குறைப்பது? எல்லாவற்றையும் லோவில் வைத்துவிடலாமா?

எல்லாவற்றையும் லோவில் தள்ளிவிடுவது அவசரக்காரர் வைத்தியம். சிலவற்றைக் குறைத்தால் நிறையக் கிடைக்கும். சிலவற்றைக் குறைத்தால் படம் அசிங்கமாவது மட்டும்தான் மிச்சம்.

முதலில் நிழல். சூரியனின் இடத்திலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கிறது என்று தெரிய, கேம் அந்தக் காட்சியை இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கிறது. அதனால் நிழல் கிராஃபிக்ஸ், ப்ராசசர் இரண்டையுமே வாட்டும். ஹையிலிருந்து லோவுக்கு இறக்குங்கள். முழுக்க அணைப்பதற்கு முன் ஒரு யோசனை: போட்டி கேம்களில் மூலைக்கு அப்பால் நிற்பவரின் நிழல் உங்களுக்குத் துப்பு கொடுக்கும்.

அடுத்து ஆம்பியன்ட் ஆக்லூஷன், வால்யூமெட்ரிக் மூடுபனி, பிரதிபலிப்புகள், மோஷன் ப்ளர், டெப்த் ஆஃப் ஃபீல்டு. இவற்றை யோசிக்காமல் அணைக்கலாம். விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுப்பும் ஆன்டி ஏலியாசிங்கில் எம்எஸ்ஏஏ என்ற வகை கனமானது. எஃப்எக்ஸ்ஏஏ லேசானது, கொஞ்சம் மங்கலாக்கும்.

டெக்ஸ்சர், அதாவது பொருட்களின் மேல் போர்த்தும் படங்களின் தரம், விஷயம் வேறு. கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை டெக்ஸ்சரைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. அடங்காமல் வழிந்தால்தான் ஆபத்து. ரேமிலிருந்து இழுத்து இழுத்துப் போட வேண்டிவந்து திரை உறையும். 2 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்து, நினைவகம் நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

ப்ராசசர்தான் தடை என்று கண்டுபிடித்தவர்கள் வேறு பட்டியலைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு தூரம் வரை வரைவது, கூட்டத்தின் அடர்த்தி, வாகனங்களின் எண்ணிக்கை, உடைந்து சிதறும் பொருட்கள். அவற்றைக் குறையுங்கள்.

ஒன்றை மாற்றி, அதே இடத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்ததை மாற்றுங்கள். பத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறதே?

முதலில் குறைப்பதால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 1920x1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 1280x720 என்றால் 9,21,600. பாதிக்கும் குறைவான வேலை. கிராஃபிக்ஸ் தடையாக இருக்கும் கணினியில் இதைவிடப் பெரிய நெம்புகோல் கேமுக்குள் இல்லை.

மங்கலுக்குத் தீர்வு, திரை ரெசல்யூஷனைத் தொடாமல், கேமுக்குள்ளேயே இருக்கும் ரெசல்யூஷன் ஸ்கேலைக் குறைப்பது. 1080-இல் வைத்து ஸ்கேலை 70 ஆக்கினால் உலகம் மட்டும் குறைந்த புள்ளிகளில் வரையப்படும். எழுத்து, வரைபடம், ரத்த அளவுக் கோடு எல்லாம் கூர்மையாகவே நிற்கும்.

குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைக் கூர்மையாகப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் வசதி கேமில் இருந்தால் இன்னும் நல்லது. ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த இது மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் பழைய கார்டுகளிலும் ஓடும் என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். குவாலிட்டி நிலையில் ஒவ்வொரு பக்கமும் 1.5 மடங்கு பெரிதாக்கும். 1080 திரைக்கு உள்ளே 720-இல் வரையும். பெர்ஃபார்மன்ஸ் நிலையில் 2 மடங்கு, அதாவது உள்ளே 960x540. அவ்வளவு கீழே போனால் புல்லும் கம்பியும் மினுங்க ஆரம்பிக்கும், நான் குவாலிட்டியோடு நிறுத்திக்கொள்வேன். இதே மாதிரி என்விடியா கொடுக்கும் டிஎல்எஸ்எஸ் அதன் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே ஓடும் என்பதால் இங்கே பேச்சில் இல்லை.

வரைந்த ஃப்ரேம்களுக்கு நடுவே கணித்து உருவாக்கிய ஃப்ரேம்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அது ஏற்கெனவே நன்றாக ஓடும் கேமை இன்னும் வழவழப்பாக்கும் கருவி. 25 எஃப்பிஎஸ்ஸில் தவிக்கும் கேமில் போட்டால் எண் ஏறும், ஆனால் மவுஸை அசைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

வி-சிங்க் வைக்கலாமா? எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு கட்டுவது நல்லதா?

வரம்பு கட்டுவது நல்லது. வலிமை குறைந்த கணினியில் மிக நல்லது.

வி-சிங்க் என்பது திரை புதுப்பிக்கும் நேரம் வரும்வரை ஃப்ரேமைக் காத்திருக்க வைக்கும் வசதி. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். சாதாரண வி-சிங்க்கில் உங்கள் ஃப்ரேம் 18 மில்லிநொடி எடுத்தால் அந்த ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலுக்கு, 33.3 வரை, காத்திருக்க வேண்டும். எனவே 55 எஃப்பிஎஸ் தரக்கூடிய கணினி 60-க்கும் 30-க்கும் நடுவே ஊஞ்சலாடும். அந்த ஆட்டம்தான் கையில் தடுமாற்றமாக உணரப்படுகிறது.

கதை சொல்லும் கேம், கார் ஓட்டும் கேம் என்றால் 30-இல் பூட்டிவிடுங்கள். 60-ஐ 30 மிச்சமில்லாமல் வகுக்கும் என்பதால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு புதுப்பிப்புக்கு நிற்கும். 40, 45 என்று பூட்டினால் ஒரு ஃப்ரேம் குறைவாகவும் அடுத்தது கூடுதலாகவும் நிற்கும், வழவழப்பு வராது. முதல் அரை மணி நேரம் 30 மெதுவாகத் தெரியும்; பிறகு கண் பழகிவிடும். சிப்புக்கும் ஓய்வு கிடைப்பதால் சூடும் ஏறாது.

துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, உங்கள் கணினி எப்போதும் விடாமல் தரக்கூடிய எண்ணில் வரம்பு கட்டுங்கள். திரை கொஞ்சம் கிழிந்தமாதிரி தெரியும், ஆனால் மவுஸ் உடனே கேட்கும்.

மைன்கிராஃப்ட் மட்டும் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது? பார்க்க எளிமையாகத்தானே இருக்கிறது?

பார்க்கத்தான் எளிமை. அந்த உலகம் சங்க் எனப்படும் சதுரத் துண்டுகளால் ஆனது. எவ்வளவு தூரம் வரைவது என்பதைச் சொல்லும் ரெண்டர் டிஸ்டன்ஸை 16 என்று வைத்தால் உங்களைச் சுற்றி நாலாபக்கமும் 16 சங்க் வீதம், ஒரு பக்கத்துக்கு 33, மொத்தம் 1,089 சங்க். 8 ஆக்கினால் 17 பெருக்கல் 17, 289 தான். எண்ணைப் பாதியாக்கினால் வேலை கிட்டத்தட்ட கால்வாசியாகிறது. 8-இல் வைத்து, எவ்வளவு தூரம் வரை உயிர்கள் நடமாடுவது என்பதைச் சொல்லும் சிமுலேஷன் டிஸ்டன்ஸையும் 5 அளவுக்கு இறக்குங்கள்.

ஜாவா பதிப்பில் சோடியம் என்ற மாடை (ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல்) போட்டுப் பாருங்கள். வரையும் முறையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய கணினியில் வித்தியாசம் முதல் நொடியிலேயே தெரியும். ரேமை அள்ளிக் கொடுப்பது தவறு. 8 ஜிபி கணினியில் ஜாவாவுக்கு 6 ஜிபி ஒதுக்கினால் விண்டோஸ் மூச்சுத் திணறும். 2 முதல் 3 ஜிபி போதும்.

விண்டோஸில் என்னென்ன மாற்ற வேண்டும்?

அதிகம் இல்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் கணினியோடு எழுந்திருக்கும் மென்பொருட்களை முடக்குங்கள். பிரவுசரை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதி அதன் செட்டிங்ஸில் இருக்கும், அதை அணையுங்கள். 4 ஜிபி கணினியில் பிரவுசரை மூடிவிட்டு விளையாடுவதே பாதி வைத்தியம். விண்டோஸின் கேம் பார் நீங்கள் விளையாடுவதைப் பின்னணியில் வீடியோவாகப் பதிவு செய்துகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். கேம் மோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியே விளையாடுங்கள், பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப்கள் வேகத்தை இறக்கிவிடும். லேப்டாப்போடு வந்த வாட் அளவு சார்ஜராகவும் இருக்க வேண்டும்.

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். மேசைக் கணினியில் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, பல மாதம் கேபிளை மாற்றாமலே விளையாடியவரை எனக்குத் தெரியும்.

மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் சில கேம்கள் வேகமாகும் என்பது உண்மை. மைக்ரோசாஃப்டே அப்படிச் சொல்லியிருக்கிறது. இன்டெலின் 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்களில் அந்தச் சுமை கூடுதல். ஆனால் அதே கணினியில் பணப் பரிமாற்றமும் செய்கிறீர்கள் என்றால் நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். ரேம் நிறைந்தால் விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடமான பேஜ் ஃபைலையும் அணைக்காதீர்கள். அணைத்தால், ரேம் நிறையும்போது கேம் தடுமாறுவதற்குப் பதில் சட்டென்று மூடிக்கொண்டுவிடும்.

ஒரே கிளிக்கில் வேகம் கூட்டும் பூஸ்டர் மென்பொருள்?

வேண்டாம். ரேமைக் காலி செய்கிறேன் என்று அவை தூக்கியெறிவது, விண்டோஸ் மறுபடி தேவைப்படும் என்று எடுத்து வைத்திருந்த தரவை. அடுத்த நிமிஷமே அதை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் எஃப்பிஎஸ் கூடியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விண்டோஸ் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கேமர்களுக்காகவே யாரோ குறைத்துத் தயாரித்த விண்டோஸ், திருட்டு கேம் இதெல்லாம்?

முகம் தெரியாத ஒருவர் உங்கள் இயங்குதளத்தின் உள்ளே எதை எடுத்தார், எதை வைத்தார் என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை. பாதுகாப்பு அப்டேட்டையே வெட்டி எறிந்த பதிப்புகள் உண்டு. திருட்டு கேம்களோடு கிரிப்டோ மைனர், அதாவது உங்கள் கணினியின் உழைப்பில் வேறொருவருக்கு மின்னணு நாணயம் ஈட்டும் நிரல், ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. கேம் எதுவும் திறக்காதபோதே ஜிபியுவோ சிபியுவோ உச்சத்தில் ஓடி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிட்டால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கிராஃபிக்ஸை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளை அடிக்கடி அப்டேட் செய்ய வேண்டுமா?

புது கேம் விளையாடினால் ஆம். அதே பழைய கேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் சும்மா விடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு மோசமானால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கருவியால் பழையதைத் துடைத்துவிட்டு முந்தைய பதிப்பைப் போடுங்கள். சிப் தயாரிப்பாளரின் தளத்திலோ லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ மட்டும் எடுங்கள்.

புது இடத்துக்கு முதல் தடவை போகும்போது மட்டும் திக்குகிறது. இரண்டாவது தடவை சரியாகிவிடுகிறதே?

அது ஷேடர் தயாராகும் நேரம். வெடிப்பு, நெருப்பு, புது ஆயுதம் என ஒவ்வொன்றையும் வரையும் சிறு நிரலை உங்கள் கார்டுக்கு ஏற்ப முதல்முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. வேலை ப்ராசசருடையது என்பதால் பழைய கணினியில் அதிகம் தெரியும். மொழிபெயர்த்ததைக் கணினி சேமித்து வைக்கும். ஆகவே சுத்தம் செய்யும்போது ஷேடர் கேஷை (அந்தச் சேமிப்பை) அழிக்காதீர்கள். தொடக்கத்தில் ஷேடர் தயாராகிறது என்று கேம் சொன்னால் பொறுமையாக முடியும்வரை விடுங்கள். டிரைவர் மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும்.

ஆன்லைனில் மட்டும் லேக் ஆகிறது.

மற்றவர்கள் தாவித் தாவி நகர்ந்து, உங்கள் கேமரா மட்டும் வழுக்கிக்கொண்டு திரும்பினால் அது இணையப் பிரச்சினை. கேமராவே வெட்டினால் கணினிப் பிரச்சினை. இணையம் என்றால் வைஃபையை விட்டு கேபிளில் இணையுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள வேறு எதுவும் அதற்கு உதவாது.

லினக்ஸுக்கு மாறினால்?

லினக்ஸ் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். கணினி பொதுவாக லேசாகும், 4 ஜிபியில் அது பெரிய விஷயம். ஸ்டீம் 2018-இல் புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு விண்டோஸ் கேம்கள் ஏராளமாக லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் வேலோரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் ஓடாது. மிகப் பழைய கிராஃபிக்ஸில், புரோட்டான் படம் வரையப் பயன்படுத்தும் வல்கன் முறைக்கு ஆதரவு இல்லாமல் போனால் புரோட்டானும் திணறும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் கணினியை ஏற்க மறுக்கிறது என்றால், யுஎஸ்பியில் ஏற்றி இயக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். இன்னும் 20-ஐத் தாண்டவில்லை. இனி?

கேமை மாற்றுங்கள். 2023-இல் வந்த திறந்த உலக கேமை 2014-ஆம் வருட லேப்டாப்பில் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டி, பாதிப் படத்தைப் பார்த்து விளையாடுவது அந்த கேமுக்கும் அநியாயம். ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், செலஸ்ட், டெர்ரேரியா இவையெல்லாம் உள்ளமைந்த கிராஃபிக்ஸிலேயே நன்றாக ஓடும். 2011-இல் வந்த போர்ட்டல் 2-ஐ இன்றைக்கு முதல்முறை விளையாடுபவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். முப்பரிமாணம்தான் வேண்டும் என்றால் ஹாஃப்-லைஃப் 2-இலிருந்து தொடங்குங்கள். 2004-இல் எழுதியது, உங்கள் பழைய கணினி அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரம். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஹையில் வைத்தே ஆரம்பிக்கலாம்.